ககாரின் என்ற பெயரில் எந்தப் பறவை இருக்கிறது?

12 ஏப்ரல், காலை 7:50 | வாசகர் கேள்வி

இன்று விண்வெளி தினம் என்று வாட்ஸாப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. யூரி ககாரின் உண்மையில் ரஷ்ய இளவரசர் குடும்பத்தைச் சேர்ந்தவராம். சோவியத் அரசு அதை மறைத்துத் 'தச்சர் மகன்' என்று கதை கட்டியதாம். அவர் பெயரே ஒரு பறவையின் பெயர் என்றும் போட்டிருக்கிறார்கள். காகரின் என்றால் காக்காயா? ரஷ்யாவில் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

12 ஏப்ரல், காலை 9:20

காக்காய் இல்லை. ரஷ்யனில் காக்காய்க்கு வரோனா என்று பெயர். அதிலிருந்து வருவது வரோனின்.

ககாரினில் இருப்பது 'ககாரா'. வடக்கு நாடுகளின் ஏரிகளில் இருக்கும் ஒரு நீர்ப்பறவை. நம் குளங்களில் முக்குளிப்பான் சட்டென்று முங்கி வேறெங்கோ எழும்புமே, அதே பழக்கம். ஆனால் குடும்பம் வேறு, உருவம் வாத்தைவிடப் பெரிது. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் நீரில் ராஜா. தரையில் நடக்கவே வராது, வயிற்றால் தள்ளிக்கொண்டு போகும். அதன் கூவலைக் கேட்டுத்தான் ககாரா என்று பெயர் வைத்தார்கள் என்பது பொதுவான விளக்கம்.

ககாரா + இன் = ககாரின். 'ககாராவினுடைய' பிள்ளை, வீட்டுக்காரர், ஆள் என்று பொருள். அவ்வளவுதான். இளவரசர் விவகாரம் பெரியது, சாயங்காலம் எழுதுகிறேன்.

12 ஏப்ரல், இரவு 8:40

சரி, இளவரசர்.

இது வாட்ஸாப் காலத்துக் கதை இல்லை. 1961 ஏப்ரலிலேயே கிளம்பியது. புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டுப் போன ககாரின் இளவரசர் குடும்பத்தார் மேற்கு நாடுகளில் இருந்தார்கள். 'விண்வெளிக்குப் போன பையன் உங்கள் சொந்தமா?' என்று பத்திரிகைகள் அங்கே துளைத்தன. பறந்து வந்த மூன்றாம் நாள், மாஸ்கோவில் விஞ்ஞானிகள் மன்றத்தில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் யூரியே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். என்னை உறவு கொண்டாடுகிறவர்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது, என் சொந்தத்தில் இளவரசரும் இல்லை, பிரபுவும் இல்லை, புரட்சிக்கு முன் எங்கள் வீட்டார் ஏழை விவசாயிகள் என்ற பொருளில்.

அரசு சொல்லிக்கொடுத்த பதில்தானே என்பீர்கள். இருக்கட்டும், குடும்பத்தைப் பாருங்கள். பிறந்தது 1934 மார்ச் 9, ஸ்மொலென்ஸ்க் பக்கம் க்ளூஷினோ கிராமம். அப்பா அலெக்ஸேய், கூட்டுப் பண்ணையில் தச்சர். அம்மா ஆன்னா பிறந்த வீட்டில் மத்வேயெவா. அவருடைய அப்பா பீட்டர்ஸ்பர்க்கில் புத்தீலவ் ஆலைத் தொழிலாளி. போரில் ஜெர்மானியர்கள் வந்து வீட்டைப் பிடுங்கிக்கொண்டபோது, தோட்டத்தில் குழி தோண்டி அதன்மேல் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். அண்ணனையும் அக்காவையும் ஜெர்மனிக்கு வேலைக்குக் கடத்திப் போனார்கள். யூரி முதலில் கற்ற தொழில் வார்ப்பு வேலை, லூபெர்ட்ஸியில். அப்புறம் சராத்தவில் தொழில்நுட்பப் படிப்பு. விமானம் ஓட்டக் கற்றது அந்த ஊர்ப் பறப்போர் சங்கத்தில்.

அப்பாவின் வேலையை மறைக்கலாம். ஒரு கிராமமே பார்த்து வளர்ந்த வீட்டை எப்படி மறைப்பது?

13 ஏப்ரல், காலை 6:30

"அப்படியானால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பெயர் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இந்த இழையின் சாரமே அதுதான்.

ரஷ்யாவில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கும், தெருவில் கூப்பிடும் பெயர் இன்னொன்று இருக்கும். இவான்களும் வஸீலிகளும் ஊருக்கு நூறு பேர் இருந்தால் எந்த இவான் என்று எப்படிச் சொல்வது? கூப்பிடும் பெயரால்தான். பெயர் வைக்க வாகாக இருந்தவை பறவையும் மிருகமும். நம்மூரில் பட்டப்பெயர் வைக்கிற மாதிரிதான், கிண்டலும் பாசமும் பாதிப் பாதி. பிள்ளைக்கும் பேரனுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. பெரிய வீடுகளில் 15, 16ஆம் நூற்றாண்டுகளிலேயே அது குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. விவசாயிகளில் பெரும்பாலோருக்கு ஏட்டில் ஏறியது 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகுதான்.

இளவரசர் ககாரின்கள் வந்த கதையைக் கேளுங்கள். அவர்கள் ஸ்தரதூப் இளவரசர் கிளை. மூதாதை விளதீமிர் நாட்டு வ்ஸேவலத், 12ஆம் நூற்றாண்டுக்காரர். பிள்ளைகள் ஏராளம் என்பதால் வரலாற்றில் அவர் பெயர் 'பெருங்கூட்டு' வ்ஸேவலத். கூடு என்றால் பறவைக் கூடுதான்! பல தலைமுறைக்குப் பின் அந்தக் கூட்டிலிருந்து மிஹயில் கலிபேஸவ்ஸ்கி என்ற இளவரசர். அவர் பிள்ளைகளில் மூத்தவர்கள் சிலருக்கு 'ககாரா' என்று பட்டப்பெயர். அவர்களின் வழிவந்தவர்கள்தான் ககாரின் இளவரசர்கள்.

அரண்மனையோ குடிசையோ, பட்டப்பெயர் வைக்கும் வாய் ஒன்றுதான். வடக்கு ரஷ்யாவில் ஏரி இருக்கும் இடமெல்லாம் ககாராவும் இருக்கும். 'ஏய் ககாரா' என்று யாரையாவது கூப்பிட ஒரு இளவரசர் வீடு தேவையில்லை. ஒரே பெயர் ஐம்பது ஊரில் ஐம்பது தடவை தனித்தனியாகப் பிறந்திருக்கும்.

13 ஏப்ரல், காலை 6:55

ஒரு சாட்சி விட்டுப்போயிற்று. 1634-இல் கஸான் நகர வணிகர் ஒருவர் ஜெருசலேமுக்கும் எகிப்துக்கும் யாத்திரை போய், 1637-இல் திரும்பிவந்து பயணக் குறிப்பு எழுதிவைத்தார். பெயர் வஸீலி ககாரா. 'இன்' கூடச் சேரவில்லை, பச்சையாகப் பறவை. இளவரசரும் இல்லை, யூரிக்கு உறவும் இல்லை. மனைவி இறந்து, பாரசீகத்துக்கு அனுப்பிய சரக்கும் நஷ்டமாகிப் போக, வேண்டிக்கொண்டு கிளம்பிய மனிதர்.

13 ஏப்ரல், இரவு 10:15

எந்த ஆளுக்கு ககாரா என்று பெயர் வைப்பார்கள்? பெயராய்வுக்காரர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. வட்டார வழக்கில் எதற்கெடுத்தாலும் வாய்விட்டுச் சிரிக்கிறவர், பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பவர் ககாரா. கறுத்த மேனிக்காரரையும் அப்படிக் கூப்பிடுவதுண்டு.

சிரிப்பு என்றதும் எல்லோருக்கும் யூரியின் படம்தான் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. ஆனால் பெயர் வாங்கியவர் அவருடைய எத்தனையாவது பாட்டனோ. அந்தப் பாட்டன் சிரித்தாரா முறைத்தாரா, யார் கண்டது.

14 ஏப்ரல், காலை 8:05

புத்தாண்டு வாழ்த்துகள். வீட்டில் மாங்காய்ப் பச்சடிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு வேடிக்கை.

வஸ்தோக் விண்கலங்களில் போன ஆறு பேருக்கும் வானொலியில் கூப்பிட ஒரு குறிப்புப் பெயர் உண்டு. தித்தோவ் 'அர்யோல்', கழுகு. நிக்கலாயெவ் 'சோகல்', வல்லூறு. பப்போவிச் 'பெர்கூத்', பொன்னாங்கழுகு. பிக்கோவ்ஸ்கி 'யாஸ்த்ரெப்', பருந்து வகை. தெரெஷ்கோவா 'சாய்க்கா', கடற்காகம். ஐந்தும் பறவை. முதலில் போனவருக்கு மட்டும் 'கேதர்', ஒரு மரம்.

ஆறு பேரில் குடும்பப் பெயரிலேயே பறவையை வைத்திருந்தவர் ககாரின் ஒருவர்தான், அவருக்குப் போய் மரம். யாரோ திட்டமிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படு பொருத்தம். பிக்கோவ்ஸ்கியில் இருப்பது 'பிக்', காளை. பப்போவிச் என்றால் பாதிரியார் மகன்.

14 ஏப்ரல், மாலை 5:30

'ஓவ், ஏவ், இன்' எப்போது எது வரும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பறவையின் பெயர் எந்த ஒலியில் முடிகிறது என்று பாருங்கள், போதும்.

'ஆ' ஒலியில் முடிந்தால் இன். ககாரா ககாரின், சரோக்கா (நீண்ட வாலுள்ள கறுப்பு வெள்ளைப் பறவை) சரோக்கின், கால்கா (சின்னக் காக்காய் வகை) கால்கின், வரோனா வரோனின். மெய்யில் அழுத்தமாக முடிந்தால் ஓவ். சோகல் சொகலோவ், அர்யோல் அர்லோவ். மெல்லிய மெய்யில் முடிந்தால் ஏவ் அல்லது யோவ். லேபெத் (அன்னம்) லேபெதெவ், வரபேய் (சிட்டுக்குருவி) வரபியோவ், சலவேய் (பாடும் குருவி) சலவியோவ். பெண்ணுக்கு எல்லாவற்றிலும் கடைசியில் ஆ. ககாரினா, சொகலோவா.

நான் லெனின்கிராதில் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) படித்தபோது வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பது வேடந்தாங்கல் மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது காதிலேயே விழாது. நானும் ஒரு உகாண்டா நண்பரும் மட்டும் பின் பெஞ்சில் சிரித்துக்கொண்டிருப்போம். எங்கள் பெயர்களை ஆசிரியர் வாசிக்கும்போது பழி தீர்ந்துவிடும்.

15 ஏப்ரல், இரவு 9:00

தூக்கில் தொங்கிய ககாரினைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் நச்சரிக்கிறார். அவர் ஏற்கெனவே படித்திருக்கிறார் போல. எழுதுகிறேன், எனக்கும் பிடித்த கதை.

மத்வேய் ககாரின். இளவரசர். மகா பீட்டரின் ஆட்சியில் சைபீரியாவின் முதல் ஆளுநர், தபோல்ஸ்க் அவர் தலைநகரம். சைபீரிய ஆளுநர் என்றால் கிட்டத்தட்ட ஒரு கண்டத்துக்குச் சொந்தக்காரர். மென்மயிர்த் தோல் வணிகம், சீனாவுக்குப் போகும் வணிகக் கூட்டங்கள், பழைய புதைமேடுகளைத் தோண்டி எடுத்த தங்கம், எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். புதைமேட்டுத் தங்கத்தில் ஒரு பெரும் தொகுதியை 1716-இல் பீட்டருக்கே அனுப்பிவைத்தார். இன்று ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் 'பீட்டரின் சைபீரியத் தொகுப்பு' என்று காட்டுகிறார்களே, அதில் அவர் அனுப்பியவை உண்டு. சிங்கமும் கழுகும் குதிரையைக் கடித்துக் குதறும் பட்டைகள். தடித்த தங்கம், ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு. காவலுக்கு நிற்கும் பாட்டி நகரச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அனுப்பியது போக எவ்வளவு அவரிடமே நின்றது என்பதுதான் வழக்கு. லஞ்சம், கையாடல். 1721 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கில், பீட்டரின் கண்முன்னே தூக்கிலிட்டார்கள். உடலை இறக்கவில்லை. மற்ற அதிகாரிகள் பார்க்கட்டும் என்று மாதக்கணக்கில் தொங்கவிட்டார்கள்.

இதில் ரசமான பகுதி அடுத்தது. அவர்மேல் விடாமல் புகார் கொடுத்து வழக்கை நடத்தவைத்தவர் அலெக்ஸேய் நெஸ்தெரவ், ஊழல் கண்காணிப்பின் தலைமை அதிகாரி. 1724-இல் அவருக்கும் மரண தண்டனை. எதற்கு? லஞ்சம் வாங்கியதற்கு.

15 ஏப்ரல், இரவு 9:25

மேலே எழுதியதைப் படித்தால் மத்வேய் வெறும் கொள்ளைக்காரர் போலத் தெரிகிறது. கொஞ்சம் சமன்படுத்துகிறேன். போரில் சிறைப்பட்டுத் தபோல்ஸ்க்குக்கு அனுப்பப்பட்ட ஸ்வீடன் நாட்டுக்காரர்களுக்கு வேலையும் ஆதரவும் கொடுத்தவர் அவர். ஊரில் கல் கட்டடங்கள் எழுந்ததும் அவர் காலத்தில்தான். பீட்டரைச் சுற்றி இருந்தவர்களில் கை சுத்தமானவர் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரலே மிச்சமாகும். பிடிபட்டவர்களில் பெரியவர் இவர்.

16 ஏப்ரல், காலை 7:15

ஒருவர் படம் போட்டிருக்கிறார், "இதுதான் ககாரா" என்று. ஐயா, அது ககாரா இல்லை, 'ககா'. ககா என்பது கடல் வாத்து. அதன் மார்புத் தூவியைச் சேகரித்துத்தான் விலையுயர்ந்த மெத்தையும் குளிர்கோட்டும் செய்கிறார்கள். பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் ரஷ்யர்களே குழம்புவதுண்டு. ககாராவிலும் வியாபாரம் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. வெண்மையான வயிற்றுத் தோலை இறகோடு பதப்படுத்தித் தொப்பிக்கும் கைக்கூட்டுக்கும் வைத்துத் தைப்பார்கள்.

அலகைப் பாருங்கள், சந்தேகம் தீரும். வாத்துக்குத் தட்டை அலகு. ககாராவுக்கு ஈட்டி.

16 ஏப்ரல், இரவு 11:00

அந்தப் பறவையை நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: பார்த்தேன். ரஷ்யாவின் வடமேற்கில் ஏரிகள் நிறைந்த கரேலியாவில், ஒரு நண்பரின் ஊரில், கோடை விடுமுறையில். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத நாட்கள். ஏரிக்கரையில் கொசு பிடுங்கி எடுக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் அழகான காட்சி போலாகிவிடும்.

கறுப்புத் தொண்டை ககாரா. சாம்பல் நிறத் தலை, தொண்டையில் மை கொட்டியது போலக் கறுப்பு, முதுகில் வரிசை வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். தண்ணீரில் மிகத் தாழ்வாக மிதக்கும். முதுகு மட்டும்தான் தெரியும். முங்கும்போது துளிச் சத்தம் கேட்காது, தண்ணீர் தெறிக்காது. எழும்பும் இடத்தை நான் ஒருமுறையும் சரியாகச் சொல்லவில்லை. நண்பரின் தாத்தா சரியாகக் கைகாட்டினார்.

பறக்கக் கிளம்பியதைத்தான் மறக்க முடியாது. மற்ற பறவைகளைப் போல நின்ற இடத்திலிருந்து எழும்பாது. உடம்பு கனம், இறக்கை சிறிது. தண்ணீரின் மேல் இறக்கையை அடித்துக்கொண்டு, கால்களால் தப தபவென்று ஓடியது. ஏரியின் பாதிவரை ஓடியிருக்கும். இனி எழும்பாது என்று நினைத்தபோது எழும்பி, எங்கள் தலைக்கு மேலாக வட்டமடித்துப் போனது. தாத்தா சொன்னார்: "சின்னக் குட்டையில் இறங்கினால் அதற்குச் சிறைதான்." கறுப்புத் தொண்டைக்கு அது பொருந்தும். சிவப்புத் தொண்டை ககாராவுக்குச் சின்னக் குட்டையே போதும்.

சைபீரியாவில் ஹான்த்தி, மான்ஸி மக்களின் படைப்புக் கதையிலும் ககாரா வருகிறது. எங்கும் தண்ணீர் மட்டும் இருந்த காலத்தில் அடிவரை முங்கி, அலகில் கொஞ்சம் சேறு கொண்டுவந்து போட்டது அதுதான். அதிலிருந்துதான் நிலம் உண்டாயிற்று. மத்வேய் ககாரின் ஆண்டது அந்த மக்களின் நிலத்தைத்தான். அவர்களுக்கு ஆளுநரின் பெயரை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

18 ஏப்ரல், காலை 10:10

மற்ற இளவரசர் ககாரின்கள் யார் யார் என்ற கேள்விக்குச் சுருக்கமாக.

கிரிகோரி ககாரின், 1810 முதல் 1893 வரை. ஓவியர். காகசஸ் மலைநாட்டை ஏராளமாக வரைந்தவர், கவிஞர் லெர்மந்தவின் நண்பர். திபிலிஸியில் ஸியோனி தேவாலயத்தின் சுவரோவியங்கள் இவருடையவை. பிறகு கலைக் கழகத்தின் துணைத் தலைவர்.

அவர் மகன் அந்திரேய் ககாரின், பொறியாளர். பீட்டர்ஸ்பர்க் பாலிடெக்னிக்கின் முதல் இயக்குநர். உலோகத்தின் உறுதியைச் சோதிக்க அவர் அமைத்த அழுத்தக் கருவிக்கு 'ககாரின் பிரஸ்' என்றே பெயர். நான் படித்த காலத்தில் இந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை. இளவரசர் ஆயிற்றே. இப்போது போனால் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

இவான் ககாரின், தூதரக அதிகாரி. 1842-இல் கத்தோலிக்கராக மாறி, அடுத்த ஆண்டு ஏசு சபையில் சேர்ந்து பாரிஸிலேயே தங்கிவிட்டார். அங்கே ஸ்லாவ் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். கவிஞர் புஷ்கின் 1837-இல் துப்பாக்கிச் சண்டையில் செத்ததற்கு மூலமான மொட்டைக் கடிதத்தை எழுதியவர் இவராக இருக்கலாம் என்ற சந்தேகம் வாழ்நாள் முழுக்க இவரை விடவில்லை. கடைசிவரை மறுத்தார்.

18 ஏப்ரல், இரவு 9:40

பவேல் ககாரினை வேண்டுமென்றே காலையில் விட்டுவைத்தேன். அவருக்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

1861-இல் பண்ணையடிமைகளை விடுவித்தபோது நிலத்துக்கு விலை வைத்தார்கள். விவசாயி தவணையில் பணம் கட்டியாக வேண்டும், பல பத்தாண்டுகள். பவேல் ககாரின் ஒரு யோசனை கொண்டுவந்தார்: பணமே வேண்டாம், இலவசமாக வாங்கிக்கொள், ஆனால் உனக்குரிய அளவில் கால்பங்குதான். சட்டத்தில் அது ஏறியது. தவணைக்குப் பயந்தவர்கள் பலர் அதை வாங்கினார்கள். கால்பங்கு நிலம் வயிற்றுக்குப் போதாது, மறுபடி பழைய பண்ணையாரிடமே குத்தகைக்குப் போய் நிற்க வேண்டியதாயிற்று. அந்தத் துண்டு நிலத்துக்கு மக்கள் வைத்த பெயர்கள் 'பிச்சைக்காரப் பங்கு', 'அநாதைப் பங்கு', கூடவே 'ககாரின் பங்கு'.

யூரியின் முன்னோர் போன்ற ஏழை விவசாயிகளுக்கு ககாரின் என்ற இளவரசர் பெயர் தெரிந்திருந்தால், அது இந்தக் கால்பங்கு நிலத்தால்தான் தெரிந்திருக்கும். வாட்ஸாப்பில் 'ராஜ ரத்தம்' என்று எழுதுகிறவர் இந்த ஒரு விஷயத்தைப் படித்தால் போதும்.

20 ஏப்ரல், காலை 7:00

"பண்ணையடிமைகளுக்குப் பண்ணையார் பெயரே வைப்பது வழக்கம், யூரியின் முன்னோர் இளவரசரின் அடிமைகளாக இருந்திருக்கலாமே?" என்று ஒரு அன்பர். இது கேலி செய்து தள்ளக்கூடிய வாதம் அல்ல. அப்படிப் பெயர் வந்த குடும்பங்கள் ரஷ்யாவில் உண்டு. ககாரின் இளவரசர்களுக்கு மாஸ்கோவுக்கு மேற்கே ரூஸா பக்கம் நிக்கோல்ஸ்கயே என்று ஒரு பெரிய பண்ணையும் இருந்தது. ஸ்தாரவ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கட்டிய மாளிகை அங்கே நிற்கிறது. அதே திசையில் இன்னும் மேற்கே போனால் யூரியின் மாவட்டம். வரைபடத்தைப் பார்த்தால் ஆசை வரும்.

ஆனால் வரைபடம் சான்று ஆகாது. பண்ணையார் பெயர் எடுத்ததாகக் காட்ட அந்தக் கிராமம் அந்த இளவரசருக்குச் சொந்தம் என்ற ஏடு வேண்டும். இல்லாதவரை, கஸான் வணிகருக்கு ககாரா என்று பெயர் வந்த அதே வழியில் இவர்களுக்கும் வந்தது என்பதே எளிய விளக்கம். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வாதம் சரியாகவே இருந்தாலும், யூரி இளவரசருக்குச் சொந்தம் ஆகமாட்டார், சொத்து ஆவார்.

20 ஏப்ரல், பகல் 1:20

மேலே உள்ள கடைசி வரி கொஞ்சம் காரம் என்று தனிச்செய்தியில் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

21 ஏப்ரல், இரவு 8:30

நம்ம ஊருக்கு வந்த பறவைப் பெயர்க்காரர் யாரும் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். யூரி ககாரின் 1961 கடைசியில் இந்தியா வந்தார், அப்படியே இலங்கைக்கும் போனார். அவர் பெயரை வைத்துக்கொண்ட பிள்ளைகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு, இன்று அறுபதைத் தொட்டிருப்பார்கள். ரஷ்யனில் இது குடும்பப் பெயர் என்பதையெல்லாம் யார் பார்த்தார்கள், அழகாக இருந்தது, வைத்தார்கள்.

ஆனால் அவருக்கு 176 வருடம் முந்தியே ஒரு அன்னம் சென்னையில் இறங்கியிருக்கிறது. கெராசிம் லேபெதெவ், யரஸ்லாவ்ல் ஊர்க்காரர், இசைக் கலைஞர். 1785-இல் கப்பலேறி மதராஸ் வந்து இரண்டு வருடம் கோட்டைக்காரர்களுக்கு இசை நிகழ்ச்சி நடத்திப் பிழைத்தார். அப்போதே தமிழும் படித்தார். ஐரோப்பியர்கள் அன்று தமிழை 'மலபார்' என்று சொல்வார்கள், அவரும் அப்படியே எழுதியிருக்கிறார். அப்புறம் கல்கத்தா. அங்கே கோலக்நாத் தாஸ் என்ற ஆசிரியரிடம் வங்கம் கற்று, ஓர் ஆங்கில நாடகத்தை வங்கத்தில் பெயர்த்து, 1795 நவம்பரில் சொந்தமாக மேடை கட்டி, வங்க நடிகர்கள், நடிகைகளை வைத்தே அரங்கேற்றினார். வங்க நாடக வரலாறு இன்றும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. மதராஸில் ஏன் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எனக்கு ஒரு பொறாமை உண்டு.

லேபெதெவ் என்ற பெயர் இளவரசருக்கும் அடிமைக்கும் மட்டும் போனதல்ல. பாதிரியார் பள்ளிகளில் பையன்களுக்குப் புதுப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. அங்கே ஆசிரியர்களுக்குப் பிடித்த பறவைகளில் அன்னம் ஒன்று, வெள்ளை, தூய்மை என்பதால். பட்டப்பெயராகவும் வந்தது, பள்ளிப் பெயராகவும் வந்தது என்பதால் லேபெதெவ்கள் ஏராளம். மரபணு ஆய்வாளர் பலனோவ்ஸ்கயா குழுவின் பட்டியலில் ரஷ்யாவின் முதல் பத்துப் பெயர்களில் இரண்டு பறவைகள், சொகலோவும் லேபெதெவும். ககாரின் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒளிக்கு அழுத்தம் உண்டு என்று அளந்து காட்டிய பியோத்தர் லேபெதெவ், செயற்கை ரப்பர் செய்த ஸெர்கேய் லேபெதெவ், கீவ் பக்கத்தில் முதல் சோவியத் கணினியைக் கட்டிய இன்னொரு ஸெர்கேய் லேபெதெவ், 1982-இல் விண்வெளியில் 211 நாள் இருந்த வலெந்தீன் லேபெதெவ். ஒருவருக்கும் ஒருவர் சொந்தமில்லை. இவர்களை யாரும் ஒரே வம்சம் என்று பதிவு போடுவதில்லை, ஏனென்றால் லேபெதெவ் என்று ஒரு பேர்போன இளவரசர் வீடு இல்லை.

22 ஏப்ரல், காலை 6:45

பாடகி பலீனா ககாரினா விண்வெளி வீரரின் பேத்தியா? இல்லை. யூரிக்கு இரண்டு மகள்கள், யெலேனா, கலீனா. யெலேனா கலை வரலாற்றாளர், கிரெம்ளின் அருங்காட்சியகங்களின் தலைமையில் நெடுங்காலம் இருந்தவர். பாடகி வேறு குடும்பம்.

24 ஏப்ரல், இரவு 10:30

கடைசியாக வந்த கேள்வி: ரஷ்யாவில் ககாரின் பெயரில் இருக்கும் தெருக்கள் எல்லாம் யூரிக்கு வைத்தவையா?

பெரும்பாலும் ஆம். அவர் வளர்ந்த க்ஷாத்ஸ்க் ஊருக்கே 1968-இல், அவர் விமான விபத்தில் இறந்த அதே ஆண்டில், ககாரின் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் மாஸ்கோவில் பழைய அர்பாத் பக்கம் 'ககாரின்ஸ்கி சந்து' என்று ஒன்று உண்டு. அது அங்கே வீடு வைத்திருந்த இளவரசரின் பெயர். யூரி பறந்த அடுத்த வருடம் அந்தச் சந்துக்குப் பெயரை மாற்றி, 1825 கிளர்ச்சிக்காகத் தூக்கிலிடப்பட்ட கவிஞர் ரிலேயெவின் பெயரை வைத்தார்கள். சோவியத் போன பிறகு பழைய பெயர் திரும்பிவிட்டது. பீட்டர்ஸ்பர்க்கிலும் இதே கதை. கோடைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில், ஃபந்தாங்கா ஆற்றைத் தாண்டினால் 'ககாரின்ஸ்கயா தெரு', அது இளவரசர்களுடையது. சோவியத் காலத்தில் ஃபூர்மனவ் தெரு என்று இருந்தது. 'யூரி ககாரின் நெடுஞ்சாலை' ஊரின் தெற்கே, விமான நிலையம் போகும் பக்கம், அகலமான புது வீதி.

இரண்டும் எதிரெதிர்த் திசை. ஓட்டல் முகவரியில் ககாரின் என்று இருந்தால் முன்னால் 'யூரி' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள்.